அத்தியாயம் 6: ஒரு கணினிக்குள் இன்னொரு கணினி

ஒரு சி.என்.சி. லேத்தை ஒழுங்காகப் பராமரித்தால் இருபது வருஷத்துக்கு மேல் ஓடும். அதற்குப் புரோகிராம் அனுப்பும் கணினி ஏழெட்டு வருஷம் தாங்கினாலே பெரிது. இந்த இடைவெளியில்தான் ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்துச் சிறு பட்டறைகள் பலவும் மாட்டிக்கொண்டிருக்கின்றன. 1980 வாக்கிலும் அதை அடுத்த ஆண்டுகளிலும் அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று பெரிய ஆலைகள் ஓசூருக்கு வந்தன. அவற்றுக்கு உதிரிபாகம் செய்துகொடுக்கும் பட்டறைகள் சிப்காட்டிலும் சிட்கோ பேட்டையிலும் வளர்ந்தன. பெங்களூரு பீன்யாவில் செகண்ட் ஹேண்டாக வாங்கிய ஒரு மெஷின் இன்றும் மைக்ரான் சுத்தமாக வெட்டும். அதோடு வந்த மென்பொருளோ விண்டோஸ் எக்ஸ்பியைத் தவிர வேறெதிலும் ஏறாது.

விண்டோஸ் எக்ஸ்பிக்கான பாதுகாப்பு இணைப்புகளை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8-இல் நிறுத்தியது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-இலும் விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-இலும் ஆதரவு முடிந்தது. இப்போது புதுக் கணினி வாங்கினால் விண்டோஸ் 11-தான் வரும். அது 64-பிட் மட்டுமே. 1990களின் 16-பிட் மென்பொருள் எதுவும் அதில் ஓடாது. பழைய போர்டு ஒருநாள் புகைந்துவிட்டால், பல லட்ச ரூபாய் மெஷின் ஒரு மென்பொருளுக்காகச் சும்மா நிற்கும்.

இதற்கு வழி உண்டு, பணமும் அதிகம் ஆகாது. பழைய கணினியின் டிஸ்க்கை அப்படியே ஒரு கோப்பாக மாற்றி, புதுக் கணினிக்குள் ஓடவைக்கலாம். பழைய கணினி உயிரோடு இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும் என்பதுதான் இந்த அத்தியாயத்தில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. அது செத்தபிறகு செய்ய முடியாமல் போகலாம்.

மெய்நிகர் கணினி எப்படி வேலை செய்கிறது

2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த மடிக்கணினிகள் பலருக்கும் நினைவிருக்கும். விண்டோஸும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அவற்றில் சேர்ந்தே இருந்தன. மெஷினைப் போட்டதும் எது வேண்டும் என்று கேட்கும். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மற்றது தூங்கும்; மாற வேண்டுமானால் ரீஸ்டார்ட் செய்தாக வேண்டும்.

மெய்நிகர் கணினியில் இரண்டும் ஒரே நேரத்தில் ஓடும். புதுக் கணினியில் நாம் நிறுவும் ஒரு மென்பொருள், போலியாக ஒரு மதர்போர்டு, டிஸ்க், நெட்வொர்க் கார்டு, சீரியல் போர்ட் எல்லாம் உருவாக்கிக் காட்டும். எக்ஸ்பி அவற்றை நிஜமென்று நம்பி அதற்குள் ஏறிக்கொள்ளும். அதற்கு டிஸ்க்காகத் தெரிவது உண்மையில் நம் கணினியில் இருக்கும் ஒரு பெரிய கோப்பு. அந்தக் கோப்பை நகல் எடுக்கலாம், வேறு கணினிக்குக் கொண்டுபோகலாம். ஹார்டுவேரோடு கட்டிப்போட்டிருந்த பழைய விண்டோஸுக்குக் கிடைக்கும் விடுதலை அதுதான்.

ஐ.பி.எம். நிறுவனம் இதை 1960களிலேயே தன் பெரிய கணினிகளில் செய்தது. சாதாரண மேசைக் கணினிக்கு 1999-இல் வி.எம்.வேர் கொண்டுவந்தது. 2005-இல் இன்டெலும் 2006-இல் ஏ.எம்.டி.யும் இதற்கான வசதியைத் தங்கள் சில்லுகளிலேயே சேர்த்தன. அதன்பிறகு வேகம் ஒரு குறையாக இல்லை.

இந்நூலில் மேசைமேல் இருக்கும் நிஜக் கணினியை ‘வெளிக் கணினி’ என்றும் அதற்குள் ஓடுவதை ‘உள் கணினி’ என்றும் குறிப்பிடுகிறேன்.

எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது

நன்றாக ஒத்துவருபவை:
• சி.என்.சி. மெஷினுக்குச் சீரியல் கேபிள் வழியாகப் புரோகிராம் அனுப்பும், வாங்கும் மென்பொருள்.
• பழைய பி.எல்.சி.களின் லேடர் எழுதும் மென்பொருள். ஒவ்வொரு கம்பெனியின் மென்பொருளுக்கும் தனித்தனி உள் கணினி வைத்துக்கொண்டால் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாது. ஆட்டோமேஷன் வேலை செய்பவர்கள் பலர் இப்படித்தான் வைத்திருக்கிறார்கள்.
• பழைய கேட், கேம் மென்பொருள், பழைய கணக்குப் பதிவுகள், பழைய டி.டி.பி. கோப்புகள்.

ஒத்துவராதவை:
• கணினிக்குள் பி.சி.ஐ. அல்லது ஐ.எஸ்.ஏ. கார்டு செருகி ஓட்டும் கருவிகள். சி.எம்.எம். அளவிடும் மெஷின்கள் சில இந்த வகை. உள் கணினியால் அந்தக் கார்டைப் பார்க்க முடியாது.
• பேரலல் போர்ட் வழியாகக் கணினியே மோட்டாரை நேரடியாக ஓட்டும் அமைப்புகள். அங்கே மைக்ரோ வினாடிக் கணக்கில் நேரம் தவறக் கூடாது. உள் கணினியால் அந்த உத்தரவாதத்தைத் தர முடியாது. டூல் உடையும், ஆளுக்கும் ஆபத்து.
• மென்பொருள் உரிமத்துக்காகப் பேரலல் போர்ட்டில் செருகும் டாங்கிள். யூ.எஸ்.பி. டாங்கிள் பெரும்பாலும் வேலை செய்யும். பேரலல் டாங்கிளை நம்பி இறங்காதீர்கள். மென்பொருள் கம்பெனியிடம் யூ.எஸ்.பி. டாங்கிளாக மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

தேவையானவை

வெளிக் கணினிக்கு 8 ஜி.பி. ராம் போதும், 16 இருந்தால் நிம்மதி. எஸ்.எஸ்.டி. கட்டாயம். டாஸ்க் மேனேஜரைத் திறந்து ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதியில் ‘சி.பி.யூ.’வைச் சொடுக்குங்கள். ‘வர்ச்சுவலைசேஷன்: எனேபிள்டு’ என்று இருக்க வேண்டும். ‘டிஸேபிள்டு’ என்றிருந்தால் பயாஸுக்குள் போய், இன்டெல் கணினியில் ‘வர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி’யையும் ஏ.எம்.டி. கணினியில் ‘எஸ்.வி.எம். மோடு’ என்பதையும் இயக்குங்கள்.

மென்பொருளுக்கு வர்ச்சுவல்பாக்ஸைப் பரிந்துரைக்கிறேன். இன்னோடெக் என்ற ஜெர்மன் கம்பெனி 2007-இல் வெளியிட்டது, இப்போது ஆரக்கிளிடம் இருக்கிறது. அடிப்படைத் தொகுப்பு திறந்த மூலம்; கம்பெனியிலும் இலவசமாகப் பயன்படுத்தலாம். ஆனால் ‘எக்ஸ்டென்ஷன் பேக்’ என்று தனியாக வரும் தொகுப்புக்குத் தொழில் நிறுவனங்கள் உரிமம் வாங்க வேண்டும். பதிப்பு 7.0 முதல் யூ.எஸ்.பி. 2, யூ.எஸ்.பி. 3 வசதிகள் அடிப்படைத் தொகுப்பிலேயே வந்துவிட்டதால் நம் வேலைக்கு அது தேவையும் இல்லை. பட்டறைக் கணினியில் அதை நிறுவாதீர்கள். வி.எம்.வேர் வொர்க்ஸ்டேஷன் புரோவும் 2024 நவம்பர் முதல் எல்லோருக்கும் இலவசம். பழக்கம் உள்ளவர்கள் அதையே வைத்துக்கொள்ளலாம்.

விண்டோஸ் உரிமம் பற்றி ஒரு வார்த்தை. கணினியோடு சேர்ந்து வந்த ஓ.இ.எம். உரிமம் அந்தக் கணினிக்கு மட்டுமே சொந்தம். தனியாகப் பெட்டியில் வாங்கியதை மாற்றிக்கொள்ளலாம். ஹார்டுவேர் மாறியதும் எக்ஸ்பி மறுபடி ஆக்டிவேஷன் கேட்கும். எனவே பழைய சி.டி.யையும் பெட்டிமேல் ஒட்டியிருக்கும் கீ எண்ணையும் முதலில் தேடி எடுத்து வையுங்கள்.

பழைய டிஸ்க்கைக் கோப்பாக எடுத்தல்

1. முதலில் சி.என்.சி. மெஷினின் புரோகிராம்களையும் பாராமீட்டர்களையும் பழைய கணினி வழியாகவே வெளியே எடுத்து, ஒரு பென் டிரைவில் தனியாக வையுங்கள். மெஷினின் மெமரி பேட்டரியில்தான் நிற்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

2. பழைய கணினியில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, ஐ.டி.இ. கன்ட்ரோலரின் டிரைவரை ‘ஸ்டாண்டர்டு டூயல் சேனல் பி.சி.ஐ. ஐ.டி.இ. கன்ட்ரோலர்’ என்று மாற்றுங்கள். இதைச் செய்யாவிட்டால் உள் கணினி முதல்முறை கிளம்பும்போதே நீலத்திரை காட்டி 7பி என்று முடியும் பிழை எண்ணோடு நிற்கலாம். எக்ஸ்பியை இடம் மாற்றும்போது வரும் தகராறுகளில் இதுதான் தலையாயது.

3. கணினியை அணைத்து டிஸ்க்கைக் கழற்றுங்கள். பெங்களூரு எஸ்.பி. ரோடு பக்கம் போகிறவர்களிடம் சொன்னால் ஐ.டி.இ. டிஸ்க்கை யூ.எஸ்.பி.யில் செருகும் அடாப்டர் வாங்கி வருவார்கள். அதன் வழியாகப் புதுக் கணினியில் இணையுங்கள். ‘டிஸ்க்கை ஃபார்மட் செய்யவா’ என்று விண்டோஸ் கேட்டால் ‘கேன்சல்’ மட்டுமே அழுத்துங்கள்.

4. மைக்ரோசாஃப்ட்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கும் ‘டிஸ்க்2வி.ஹெச்.டி.’ என்ற சிறு மென்பொருளை இயக்குங்கள். பழைய டிஸ்க்கின் பகுதிகளை மட்டும் டிக் செய்யுங்கள். ‘யூஸ் வி.ஹெச்.டி.எக்ஸ்.’ என்பதில் இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். அந்த வகைக் கோப்பை வர்ச்சுவல்பாக்ஸ் சரியாகக் கையாளாது. கோப்பைச் சேமிக்கும் இடம் வேறு டிஸ்க்காக இருக்கட்டும்.

5. வேலை முடிந்ததும் பழைய டிஸ்க்கைப் பழைய கணினியிலேயே திரும்ப மாட்டி, அது முன்புபோல ஓடுகிறதா என்று பாருங்கள். மெஷின் ஒரு ஷிப்டுகூட நிற்க வேண்டியதில்லை.

டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தால் திரும்பத் திரும்பப் பவர் போட்டுப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறையும் பாதிப்பு கூடும். டேட்டா மீட்பு வேலை தெரிந்தவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

உள் கணினியை அமைத்தல்

வர்ச்சுவல்பாக்ஸில் ‘நியூ’ அழுத்தி, வகையாக ‘விண்டோஸ் எக்ஸ்பி 32-பிட்’ என்று தேர்ந்தெடுங்கள். ராம் 1 ஜி.பி., பிராசஸர் ஒன்று. இதற்கு மேல் கொடுப்பதால் எக்ஸ்பிக்குப் பயன் இல்லை. டிஸ்க் கேட்கும் இடத்தில் நீங்கள் எடுத்த வி.ஹெச்.டி. கோப்பைக் காட்டுங்கள். ‘ஸ்டோரேஜ்’ பகுதியில் அந்தக் கோப்பு ஐ.டி.இ. கன்ட்ரோலரின் கீழ் இருக்க வேண்டும். சாட்டாவின் கீழ் இருந்தால் எக்ஸ்பியிடம் அதற்கான டிரைவர் இருக்காது, கிளம்பாது. ‘சிஸ்டம்’ பகுதியில் ‘ஐ.ஓ. ஏபிக்’ என்பதை டிக் செய்து பாருங்கள், பாதியில் நிற்கும் எக்ஸ்பிகள் சில இதனால் கிளம்பிவிடும்.

கிளம்பியபின் உள் கணினி மிக மெதுவாக இருந்தால், அதன் ஜன்னலின் அடியில் வலது ஓரத்தைப் பாருங்கள். அங்கே ஒரு பச்சை ஆமைச் சின்னம் தெரிந்தால், விண்டோஸ் 11-இன் ஹைப்பர்-வி அமைப்பு சில்லின் வசதியைத் தானே பிடித்து வைத்திருக்கிறது என்று பொருள். ‘விண்டோஸ் ஃபீச்சர்ஸ்’ பட்டியலில் ‘ஹைப்பர்-வி’, ‘வர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம்’, ‘விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம்’ ஆகியவற்றை நீக்கி ரீஸ்டார்ட் செய்யுங்கள். ‘கோர் ஐசொலேஷன்’ பகுதியிலுள்ள ‘மெமரி இன்டெக்ரிட்டி’யும் ஒரு காரணம். ஆனால் அது வெளிக் கணினிக்கு ஒரு பாதுகாப்பு. அந்தக் கணினியில் மின்னஞ்சலும் இணையமும் உண்டென்றால் அதை அணைக்காமல், இந்த வேலைக்கென்று தனிக் கணினி ஒதுக்குவதே நல்லது.

மெஷினோடு பேசவைத்தல்

புதுக் கணினிகளில் சீரியல் போர்ட் இருக்காது. யூ.எஸ்.பி.யிலிருந்து ஆர்.எஸ்.-232-க்கு மாற்றும் கன்வெர்ட்டர் வேண்டும். எஃப்.டி.டி.ஐ. சில்லு உள்ள நல்ல கன்வெர்ட்டராக வாங்குங்கள். மலிவான போலிச் சில்லுகளைப் புது விண்டோஸ் டிரைவர்கள் ஏற்க மறுக்கும். இந்த இடத்தில் மிச்சம் பிடிக்கும் சில நூறு ரூபாய் பிறகு ஒரு ஷிப்டையே தின்றுவிடும்.

1. வெளிக் கணினியில் கன்வெர்ட்டரைச் செருகி, டிவைஸ் மேனேஜரில் அதற்கு என்ன காம் எண் வந்திருக்கிறது என்று பாருங்கள். 10-ஓ அதற்கு மேலோ இருந்தால், ‘போர்ட் செட்டிங்ஸ்’, ‘அட்வான்ஸ்டு’ வழியாகப் போய் காம் 3 அல்லது 4 ஆக மாற்றுங்கள். இனி எப்போதும் அதே யூ.எஸ்.பி. துளையிலேயே செருகுங்கள், துளைக்கு மேல் பெயின்டால் ஒரு குறி வையுங்கள்.

2. உள் கணினி அணைந்திருக்கும்போது அதன் ‘செட்டிங்ஸ்’, ‘சீரியல் போர்ட்ஸ்’ பகுதியில் போர்ட் 1-ஐ இயக்குங்கள். எண் ‘காம் 1’ என்றே இருக்கட்டும். ‘போர்ட் மோடு’ என்ற இடத்தில் ‘ஹோஸ்ட் டிவைஸ்’ தேர்ந்தெடுத்து, பாதையில் வெளிக் கணினியின் காம் எண்ணை எழுதுங்கள். எக்ஸ்பியில் உள்ள மென்பொருள் எப்போதும்போல காம் 1-ஐயே பார்க்கும். அதில் எதையும் மாற்ற வேண்டாம்.

3. பாட் ரேட், டேட்டா பிட், பாரிட்டி, ஸ்டாப் பிட் நான்கும் மெஷினில் உள்ளபடியே இருக்க வேண்டும். ஃபனூக் கன்ட்ரோலில் 4800 அல்லது 9600 பாட், 7 டேட்டா பிட், ஈவன் பாரிட்டி, 1 அல்லது 2 ஸ்டாப் பிட் என்பது வழக்கம்.

4. முதல் சோதனைக்கு நான்கைந்து வரி கொண்ட ஒரு சிறு புரோகிராம் போதும். முதல் வரியும் கடைசி வரியும் % குறியாக இருக்க வேண்டும். பழைய ஃபனூக் கன்ட்ரோலில் எடிட் மோடில் வைத்து, முதலில் மெஷினில் ‘ரீட்’, ‘எக்ஸெக்’ அழுத்துங்கள். திரையின் மூலையில் ‘எல்.எஸ்.கே.’ என்று விட்டுவிட்டு மின்னும். மெஷின் காத்திருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அதன்பிறகு கணினியிலிருந்து அனுப்புங்கள். மின்னுவது ‘இன்புட்’ என்று மாறினால் டேட்டா வந்துகொண்டிருக்கிறது.

5. அலாரம் வந்தால் எண்ணைப் பாருங்கள். 85 என்றால் இருபக்க அமைப்பும் பொருந்தவில்லை. பாட் ரேட்டையும் பாரிட்டியையும் சரிபாருங்கள். 86 என்றால் எதிர்முனை தயாராக இல்லை. கேபிளையும் கன்வெர்ட்டரையும் பாருங்கள். 87 என்றால் மெஷின் ‘நிறுத்து’ என்று சொன்னபிறகும் கணினி அனுப்பிக்கொண்டே இருக்கிறது. ஃப்ளோ கன்ட்ரோலைப் பாருங்கள்.

6. வந்து சேர்ந்த புரோகிராமை மெஷினிலிருந்து திரும்பக் கணினிக்கு வாங்கி, இரண்டு கோப்பையும் ஒப்பிடுங்கள். ஒரு புள்ளி குறைந்தாலும் டூல் போய் மோதும். ஒப்பிட்டுப் பார்க்காமல் எந்த ஜாப்பையும் ஓட்டக் கூடாது. பிறகும் முதல் பீஸை சிங்கிள் பிளாக்கில்தான் எடுக்க வேண்டும்.

கேபிள் 15 மீட்டருக்குள் இருக்கட்டும், ஷீல்டு உள்ள கேபிளாக இருக்கட்டும். வெல்டிங் மெஷின் வயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள். வெளிக் கணினியில் ‘ஸ்லீப்’பை நிறுத்திவிடுங்கள். விண்டோஸ் அப்டேட் தானாக ரீஸ்டார்ட் செய்யும் நேரத்தையும் உங்கள் ஷிப்டுக்கு வெளியே தள்ளுங்கள். டை, மோல்டு வேலையில் நீளமான புரோகிராமைத் துளித்துளியாக அனுப்பிக்கொண்டே வெட்டும்போது நள்ளிரவில் கணினி ரீஸ்டார்ட் ஆனால் ஜாப் வீண்.

நெட்வொர்க்கைத் துண்டித்தல்

2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய வன்னாக்ரை வைரஸ், உலகெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. சென்னை ஒரகடத்தில் உள்ள ரெனோ-நிசான் ஆலையும் பாதிக்கப்பட்டது. மைக்ரோசாஃப்ட், ஆதரவை நிறுத்தி மூன்று வருஷம் ஆன எக்ஸ்பிக்கும் அவசர இணைப்பு வெளியிட வேண்டி வந்தது. யாரும் எதையும் சொடுக்காமலே ஒரு கணினியிலிருந்து அடுத்த கணினிக்கு நெட்வொர்க் வழியாகத் தாவியது அந்த வைரஸ்.

எனவே உள் கணினியின் ‘நெட்வொர்க்’ பகுதியில் ‘எனேபிள் நெட்வொர்க் அடாப்டர்’ என்பதில் டிக்கை எடுத்துவிடுங்கள். எக்ஸ்பிக்கு இணையம் எந்த வேலைக்கும் தேவையில்லை. புரோகிராம் கோப்புகள் உள்ளே போவதற்கு ‘ஷேர்டு ஃபோல்டர்’ ஒன்று போதும். அதற்கு ‘கெஸ்ட் அடிஷன்ஸ்’ என்ற சிறு தொகுப்பை உள் கணினியில் நிறுவ வேண்டும். அந்த ஃபோல்டரில் சி.என்.சி. புரோகிராம்களைத் தவிர வேறு எதையும் வைக்காதீர்கள். முழு டிரைவையும் பகிரவே கூடாது.

வாகனக் கம்பெனிகளுக்குச் சப்ளை செய்யும் பட்டறைகளுக்கு இதில் இன்னொரு லாபமும் உண்டு. ஐ.ஏ.டி.எஃப். 16949 தரநிலையின் 6.1.2.3 பிரிவு, உற்பத்தி நின்றுபோனால் என்ன மாற்றுத் திட்டம் என்று கேட்கிறது. இணையத் தாக்குதலும் அந்தப் பட்டியலில் உண்டு. நெட்வொர்க் இல்லாத உள் கணினியும், சோதித்துப் பார்த்த பேக்கப்பும் இருந்தால் ஆடிட்டரிடம் காட்டக் கையில் பதில் இருக்கும்.

பிரஸ் வைத்திருப்பவர்களுக்கு

எல்லை ஊர் என்பதால் ஓசூர் அச்சகங்களுக்குத் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் லேபிளும் நோட்டீஸும் வரும். பழைய வேலைகள் பேஜ்மேக்கரில் இருக்கும். 2001-இல் வந்த 7.0-தான் அதன் கடைசிப் பெரும்பதிப்பு. யூனிகோடு அதற்குத் தெரியாது. பழைய தமிழ் எழுத்துருவும் கன்னட நுடி எழுத்துருவும் அந்தந்தக் கணினியில் எப்படி இருந்தனவோ அப்படியே இருந்தால்தான் கோப்பு ஒழுங்காகத் திறக்கும். டிஸ்க்கை முழுதாகக் கோப்பாக எடுப்பதால் எழுத்துருவும் விசைப்பலகை மென்பொருளும் சேர்ந்தே வந்துவிடும். உள் கணினியில் திறந்து, பி.டி.எஃப். ஆக மாற்றி வெளியே எடுத்துப் பிளேட்டுக்கு அனுப்புங்கள். புது வேலைகளை மட்டும் வெளிக் கணினியில் யூனிகோடில் தொடங்குங்கள்.

பேக்கப்பும் இறுதிச் சோதனையும்

வர்ச்சுவல்பாக்ஸில் ‘ஸ்னாப்ஷாட்’ என்ற வசதி உண்டு. ஏதாவது புதிதாக நிறுவும் முன் ஒன்று எடுத்துக்கொண்டால், கெட்டுப்போனால் பழைய நிலைக்குத் திரும்பலாம். ஆனால் ஸ்னாப்ஷாட்டும் அதே டிஸ்க்கில்தான் இருக்கிறது. டிஸ்க் போனால் அதுவும் போகும். அதை பேக்கப் என்று எண்ணாதீர்கள்.

உள் கணினியை முழுதாக ஷட்டவுன் செய்து, ‘ஃபைல்’, ‘எக்ஸ்போர்ட் அப்ளையன்ஸ்’ வழியாக ஒரே கோப்பாக வெளியே எடுங்கள். இரண்டு வெளி டிஸ்க்குகளில் நகல் வையுங்கள். ஒன்று பட்டறையில், ஒன்று வீட்டில். மின்சாரம் திடீரென்று போனால் டிஸ்க் கோப்பு பாழாக வாய்ப்பு உண்டு என்பதால் வெளிக் கணினிக்கு யூ.பி.எஸ். கட்டாயம்.

ஒரு தாளில் இவற்றை எழுதி, லேமினேட் செய்து மெஷினின் எலெக்ட்ரிக்கல் கதவுக்கு உட்புறம் ஒட்டுங்கள்:
• வெளிக் கணினியின் காம் எண், உள் கணினியின் காம் எண்
• பாட் ரேட், டேட்டா பிட், பாரிட்டி, ஸ்டாப் பிட்
• எந்த யூ.எஸ்.பி. துளையில் கன்வெர்ட்டர், எதில் டாங்கிள்
• பேக்கப் எடுத்த தேதி, டிஸ்க் இருக்கும் இடம்
• மெஷினின் மெமரி பேட்டரி மாற்றிய தேதி

கடைசியாக, எடுத்து வைத்த பேக்கப்பை இதுவரை தொடாத வேறொரு கணினியில் ஏற்றி, அதிலிருந்து ஒரு புரோகிராமை மெஷினுக்கு அனுப்பிப் பாருங்கள். அது சரியாகப் போனால்தான் உங்களிடம் பேக்கப் இருக்கிறது என்று சொல்ல முடியும். பிறகு ஒரு வாரம் பழைய கணினியை அணைத்துவிட்டு எல்லா ஜாப்பையும் உள் கணினி வழியாகவே ஓட்டுங்கள். அதன்பிறகும் பழையதை எடைக்குப் போடாமல் ஆறு மாதம் வைத்திருங்கள்.

இந்த வேலை தெரிந்தவர் ஒருவர் மட்டும் என்றால், அவர் லீவு போடும் நாளில் பழைய தலைவலி திரும்ப வரும். இரவு ஷிப்ட் ஆபரேட்டர் யாருடைய உதவியும் இல்லாமல் உள் கணினியைத் திறந்து, ஒரு புரோகிராமை அனுப்பி, திரும்ப வாங்கி ஒப்பிட்டுக் காட்டட்டும். அதன்பிறகு அந்தத் தாளில் தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள்.